ஹவுசி அங்கிளும் ஜீப்பில் ஓர் இடமும்

உலகத்தில் இரண்டே பேரிடம்தான் ஏமாற்று வேலை நடக்காது. ஒருவர் எக்ஸ்ரே எடுப்பவர். இன்னொருவர் எங்கள் ஜீவனஹள்ளி ஹவுசி அங்கிள்.

அவருக்கும் ஞானஸ்நானத்தில் ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். ஆனால் அவர் மனைவியே, "ஹவுசி அங்கிள் குளிக்கிறாரு, அப்புறம் வாங்க" என்றுதான் சொல்வார். வாரம் முழுக்க லிஃப்ட் மெக்கானிக். சனிக்கிழமை சாயங்காலம் சர்ச் ஹால் ஹவுசி ஆட்டத்தில் சக்கரவர்த்தி. ஒன்று முதல் தொண்ணூறு வரை எண் எழுதிய மரக்காய்கள் கிடக்கும் பிஸ்கட் டப்பாவைக் குலுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துக் கூவுவார். டிக்கெட்டில் உள்ள பதினைந்து எண்களையும் முதலில் அடித்து முடிப்பவருக்கு ஃபுல் ஹவுஸ். சும்மா எண்ணைச் சொன்னால் அவருக்கு ஜீரணமாகாது. "ஓட்டுப் போட்டியா, பதினெட்டு!" "ரிட்டயர்மெண்ட் கேக்கு, அறுபது!" "கடிகாரம் கை கூப்புது, பன்னெண்டு!" டிக்கெட்டுகள்கூட அவரே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு எழுதியவை. எந்த டிக்கெட்டில் எந்த எண் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

விதிகள் லேமினேட் செய்யப்பட்டு அவர் கழுத்தில் தொங்கும். ஒரு கிறிஸ்துமஸ் ஆட்டத்தில் அவர் மனைவிக்கே ஃபுல் ஹவுஸ் விழுந்தது. பரிசு பிரஷர் குக்கர். ஆன்ட்டி சந்தோஷத்தில் ஒரு நொடி வாயடைத்துப் போக, அதற்குள் இவர் அடுத்த எண்ணைக் கூவிவிட்டார். "லேட் க்ளெய்ம். ரூல் நாலு. டிக்கெட் கேன்சல்." அதற்குப் பிறகு ஒரு வாரம் அங்கிள் மூன்று வேளையும் பன் பட்டர் ஜாம் சாப்பிட்டதற்கு பேக்கரிக்காரரே சாட்சி.

இப்பேர்ப்பட்டவரை அண்ணன் கல்யாணத்துக்குக் கிளம்பிய பஸ்ஸில் ஏற்றினோம். பெண் மங்களூரு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாதா கோவிலில் திருமணம். எதற்கும் இருக்கட்டும் என்று திங்கட்கிழமை காலையிலேயே கிளம்பினோம். சக்லேஷ்புராவைத் தாண்டியதும் மலைப்பாதையில் முன்னும் பின்னும் மண் சரிந்து ரோடு மூடிக்கொண்டது. வானம் நனைந்த சாக்கு மாதிரி தலைக்கு மேல் தொங்கியது. போன்களில் சிக்னல் இல்லை. பஸ் டிவி முதல் மணி நேரத்திலேயே கண்ணை மூடியது. பாட்டுக்குப் பாட்டு ஆரம்பித்தோம். அது டேவிட் மாமாவும் ரோஸி சித்தியும் கல்யாணப் புடவை விஷயத்தில் மோதிக்கொள்வதில் முடிந்தது. பகலில் பஸ், படுக்கப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் வகுப்பறை. ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் மழை. உள்ளே பார்த்தால் சொந்தக்காரர்கள்.

அப்போதுதான் அங்கிள் பையிலிருந்து டப்பாவை எடுத்தார்.

இரண்டு நாள் எங்களைக் காப்பாற்றியது அந்த டப்பாதான். ஒழுகாத சீட்டு, சுடுதண்ணீர் பக்கெட், கடைசி நிப்பட்டுத் தட்டை பாக்கெட், எல்லாமே ஹவுசியில் பரிசு. நான் செக்கர். அவர் கூவிவிட்டுக் காயை என்னிடம் கொடுப்பார். நான் பலகையில் அந்த எண்ணுக்கான குழியில் வைப்பேன். செக்கர் ஆடக் கூடாது, ரூல் இரண்டு. இரண்டு நாளும் நான் குளித்தது பச்சைத் தண்ணீரில்.

புதன்கிழமை மதியம் வரை ரோடு திறக்கவில்லை. அண்ணன் நகத்தைக் கடித்து விரல் வரைக்கும் வந்துவிட்டான். அந்த நேரத்தில் ஒரு காபி எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. எஸ்டேட்டுக்குள் புகுந்து போகும் பழைய பாதை ஒன்று இருக்கிறதாம்; ஆனால் ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வருகிறதாம். "இப்பத்து நிமிஷா, அஷ்டே!" என்றார் டிரைவர். இருபது நிமிடம்தான் அவகாசம். நான்கு இடம். அண்ணன், அப்பா, மோதிரத்தை வைத்திருக்கும் மாப்பிள்ளைத் தோழன். மிச்சம் ஒன்று.

அது யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மா இறந்தபோது அண்ணனுக்கு ஆறு வயது, எனக்கு மூன்று. தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டு, அப்புறம் மறந்தே போய், எங்களை வளர்த்தவள் பிலோ அத்தை.

"அத்தை வரட்டும்," என்றான் அண்ணன்.

"தாய்மாமன் இல்லாம தாலியாடா?" டேவிட் மாமா எழுந்ததில் பஸ்ஸே ஒரு பக்கம் சாய்ந்தது. "செத்துப்போன எங்க அக்கா எடத்துல நான் நிக்கணும். என்னை வுட்டுட்டுப் போனா, அப்புறம் என் வூட்டு வாசப்படி மிதிக்காத மாப்ளே!"

"அக்கா எடத்துல தங்கச்சி நிக்கக் கூடாதா? மீசை வெச்ச நீதான் நிக்கணுமா?" என்றாள் ரோஸி சித்தி.

அப்பா மழையைப் பார்த்தார். அத்தையோ, "எனக்கு எதுக்குப்பா, பெரியவங்க போங்க. ஃபோட்டோல பாத்துக்கறேன்," என்று அண்ணனின் கோட்டுக்கு பிரஷ் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஐந்து நிமிடம் கூச்சலிலேயே போனது. கடைசியில் மாமாதான் கத்தினார்: "சரி, ஹவுசி போடு அங்கிள்! நீ ஒருத்தன்தான் இங்க நாயமான ஆளு!"

மாமாவுக்கு ஒரு டிக்கெட், சித்திக்கு ஒன்று. மூன்றாவதை அங்கிள் அத்தையின் மடியில் வைத்தார். "நான் கேக்கலியே," என்றாள் அத்தை. "கேக்கணும்னு ரூல் இல்லம்மா."

அவ்வளவு வேகமாக அவர் கூவி நான் கேட்டதில்லை. வெளியே ஜீப் ஹாரன், உள்ளே எண்கள். நான் வைத்த வேகத்தில் காய்கள் பலகையில் தந்தி அடித்தன. சித்தி பின்தங்கிவிட்டாள். மாமாவுக்கு ஒரே ஒரு எண்தான் பாக்கி. அதை ஊருக்கே அறிவித்தார்: "பன்னெண்டு! வாடா என் ராஜா! பன்னெண்டு!" அத்தை மடியில் குனிந்து அடித்துக்கொண்டே இருந்தாள்.

அங்கிள் டப்பாவுக்குள் கையை விட்டு ஒரு காயை எடுத்தார். பார்த்தார். அத்தையின் மடியில் இருந்த டிக்கெட்டையும் ஒரு தடவை பார்த்தார்.

"அறுபத்து மூணு."

முன்னால் ஒரு அடைமொழி இல்லை, ராகம் இல்லை. காய் என் உள்ளங்கைக்கு வந்தது. அதில் எழுதியிருந்தது பன்னிரண்டு.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் பஸ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். காயைக் குப்புறக் கவிழ்த்து அறுபத்து மூன்றின் குழியில் வைத்தேன்.

யாரும் க்ளெய்ம் பண்ணவில்லை. அங்கிளின் கை மறுபடி டப்பாவுக்குள் போனது. போனது வெளியே வரவில்லை. மனைவிக்கு ஒரு நொடி தராத மனிதர், கையை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தார்.

"இன்னா அங்கிள், முறுக்கா தேடுற? எடு சீக்கிரம்!" என்றார் மாமா.

"காய் ஈரமாயிருக்கு டேவிட். வழுக்குது."

அத்தை மெதுவாக நிமிர்ந்தாள். "ஏம்ப்பா... எல்லாத்தையும் அடிச்சிட்டேன் போலருக்கே. இதுக்குப் பேருதான் ஃபுல் ஹவுஸா?"

அண்ணன் கத்திய கத்தலில் ஜீப் டிரைவர் பயந்துபோய் ஹாரன் அடித்தார். மாமா நகரவில்லை. "செக் பண்ணணும். பலகையைக் காட்டு." குனிந்தார். அவர் விரல் வரிசை வரிசையாக இறங்கி வந்தது. "இது ஏன் குப்புறக் கெடக்குது?"

அந்த விரல் காயைத் தொடப்போன நேரம், முப்பது வருஷத்தில் ஒரு காயைக்கூடச் சிந்தாத அந்த டப்பா அங்கிளின் கையிலிருந்து நழுவிப் பலகை மேலேயே விழுந்தது. தொண்ணூறு காய்களும் சீட்டுக்கு அடியில், செருப்புக்குள், சித்தியின் கைப்பையில், தரையில் தேங்கிய தண்ணீரில்.

"ஐயோ, கைநடுக்கம்பா! வயசாயிடுச்சி!" என்றார் அங்கிள். போன மாதம்தான் பத்தாவது மாடியில் தொங்கி லிஃப்ட் கேபிள் மாற்றியவர்.

மாமா நிமிர்ந்தபோது அத்தை ஜீப்பில் இருந்தாள். அவசரத்தில் அவள் காலில் இருந்தது அங்கிளின் செருப்பு.

மறுநாள் மதியம் எங்கேயோ ஒரு மூலையில் சிக்னல் கிடைத்து முதல் ஃபோட்டோ வந்தது. அண்ணன் பக்கத்தில், அம்மா நிற்க வேண்டிய இடத்தில் அத்தை. மாமா அதை நெடுநேரம் பார்த்தார். "பட்டுப் புடவைக்கு இந்தச் செருப்பா?" என்று மட்டும் சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

அங்கிள் அதற்குப் பிறகு பஸ்ஸில் டப்பாவைத் திறக்கவில்லை. தொண்டை கட்டிக்கொண்டதாம். ஜீவனஹள்ளி வந்த பிறகும் சரியாகவில்லை. சனிக்கிழமைகளில் கழுத்தில் மஃப்ளரோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார். வேறு யாரோ மேடையில் எண்களைச் சப்பென்று வாசிப்பார்கள். ஒருநாள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கழுத்தில் தொங்கிய விதிகளை முதல் தடவையாகக் கடைசி வரை படித்தேன். ரூல் பதினொன்று: பொய் எண் கூவுகிறவர் மூன்று மாதம் கூவக் கூடாது.

"தொண்டை எப்படி இருக்கு அங்கிள்?"

"இன்னும் நாலு வாரம் ஆவும்மா," என்றார், காலண்டரே பார்க்காமல்.

அத்தை வாராவாரம் ஒரு ஃபிளாஸ்க் மிளகு ரசம் கொடுத்தனுப்பினாள். மூன்று மாதமும், ஒரு வியாதியும் இல்லாத அந்த மனிதர், கண்ணில் நீர் வழிய, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.