தாச்சி வயர்லெஸ்

பேரனின் காது மட்டும்தான் வந்தது. மற்றதெல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுவிட்டது.

"அப்பா, கேக்குதே?" என்றாள் கனடாவிலிருந்து மகள். அத்தோடு அவளும் நின்றாள்.

மயில்வாகனத்தாருக்குப் பொத்துக்கொண்டு வந்தது ஆத்திரம். விசாவும் தரமாட்டார்களாம். இன்று பேரன் பிறந்த முப்பத்தோராம் நாள், இங்கத்தைய நேரம் மாலை ஆறு மணிக்குப் பிள்ளைக்குப் பெயர் வைக்கப்போகிறார்கள். கம்பியூட்டரிலாவது அவனை முழுசாகப் பார்க்க வேண்டாமா?

ரவுட்டர் முன்ஹோலில். கம்பியூட்டர் பின்னறையில். நடுவே, மலைநாட்டுக் கெலிஓயாவில் அந்தக் காலத்தில் வீடு கட்டியவர்கள் எழுப்பிய கருங்கல் சுவர்.

"இஞ்சாருங்கோ, கம்பியூட்டரைத் தூக்கி ஹோலுக்குள்ளை வைச்சால் என்ன?" என்றார் மனைவி லீலாதேவி.

"தூக்கிக்கொண்டு திரியிறதுக்கோ நான் வயர்லெஸ் வாங்கினனான்?"

ரவுட்டரை அலுமாரிக்கு மேல் ஏற்றினார். இரும்பு அலுமாரி. இருந்த இரண்டு கோடு சிக்னலில் ஒன்று போனது. கம்பியூட்டரின் குட்டி அன்டெனாவை நீள வயரில் பூட்டி ஜன்னலுக்கு வெளியே தொங்கவிட்டார். மற்றதும் போனது.

அப்போதுதான் டிஷ் அன்டெனா ஞாபகம் வந்தது. குசினிக்குள் பாய்ந்து, அதைப்போலவே குழிந்திருந்த இரும்புச் சட்டியைத் தூக்கினார்.

"ஐயோ, வடை சுடுற தாச்சியப்பா!"

"வடை பிறகு சுடலாம்!"

தாச்சியை ஜன்னல் கம்பியில் கட்டி, அதன் வாயை ஹோல் ஜன்னல் பக்கம் திருப்பி, நடுவில் அன்டெனாவை வைத்தார்.

"லீலா! வயர்லெஸ்ஸிலை சிக்னல் வருது! நாலு கோடு!"

தெருவுக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு ஹபீலா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"அங்கிள், மெதுவாப் பேசுங்க! முச்சந்தியில நிக்கிற பொலிஸ் சார்ஜன்ட், இங்க யாரு வயர்லெஸ் வச்சிருக்கிறதுன்னு விசாரிக்கிறாரு!"

மயில்வாகனத்தார் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டு, நாட்டில் யுத்தம். வயர்லெஸ் என்றால் போர்க்களத்தில் பேசுகிற சாமான். அதை யாழ்ப்பாணத்தான் ஒருவன் ஜன்னலில் நின்று கத்தினால் என்ன நினைப்பார்கள்? தாச்சியை உள்ளே இழுத்தார். சிக்னல் செத்தது.

ஆறு மணியாக ஐந்து நிமிடம். மனிதர் தாச்சியைப் பார்த்தார், கம்பியூட்டரைப் பார்த்தார்.

"வந்து பிடிச்சுக்கொண்டு போகட்டும்! என்ரை பேரனை நான் பாக்கிறதுக்கு ஆரிட்டைக் கேக்கோணும்?"

தாச்சி மறுபடி வெளியே போனது. ஐந்து கோடு! திரை நிறையப் பேரன். பல்லில்லாத வாயை ஆவென்று திறந்து கொட்டாவி விட்டான்.

"நெத்தி என்ரை அப்பான்ரை நெத்தி!" என்று கத்தினார் மயில்வாகனத்தார். "என்ன பேர் மோனை?"

"அகரன், அப்பா."

"அகரன்! அகரன்!" கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. லீலாதேவி மாக்கையோடு திரையைக் கொஞ்சினார்.

கதவு தட்டப்பட்டது.

சார்ஜன்ட் உள்ளே வந்து தாச்சியையும் வயரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். திரையில் கொட்டாவி விட்ட அகரனையும் பார்த்தார்.

"மாத்தயா, இந்த மாதிரி வேற எத்தன இருக்கு?"

"ஒண்டுதான் சேர்!" என்றார் மயில்வாகனத்தார். "சத்தியமா வடை சுடுறதுக்கு மட்டுந்தான்!"

"அப்ப இன்னிக்கே வடை சுட்டு முடிங்க. நாளைக்கி எனக்கு வேணும். மக இத்தாலியில, நம்ம பேத்திக்கி மூக்கு மட்டுந்தான் வருது."