விசிலின் ‘கயிற்றுக்கு வெளியே’

பாறசாலைக்குக் கிழக்கே விசில் சொல்லாத பொய் இல்லை. அந்தப் பொய்யை நம்பி வீடு கட்டாத குடும்பமும் அநேகமாக இல்லை.

அவருடைய தொழில் நிலத் தரகு. வருடத்தில் ஆறு மாதம் தண்ணீர் நிற்கும் பள்ளத்தை ‘குளிர்ச்சியான மனை’ என்று விற்றார். கள்ளிக்காட்டில் அணைத் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத மேட்டை, மழை பெய்த மறுநாள் காட்டி, ‘தண்ணிக் காட்சி உள்ள இடம்’ என்று விற்றார். கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய மனையை, “பக்கத்து ஆளுங்க ஒருநாளும் சத்தம் போட மாட்டினும், அதுக்கு நான் பொறுப்பாக்கும்” என்று உத்தரவாதம் கொடுத்து விற்றார். அவர் தொழிலில் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

நான் சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அவரிடம் நிலம் வாங்கியவர்கள் அழுதுகொண்டு என் மேசைக்கு வருவார்கள். அவர்களுக்கு இரண்டு வழிகளை விளக்குவேன். ஒன்று, சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு மூன்று தலைமுறை நடத்துவது. இரண்டு, பேசாமல் போய் வீட்டைக் கட்டுவது. விவரம் உள்ளவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

விசில் என்ற பெயர் அவர் கழுத்தில் தொங்கிய சாமானால் வந்தது. ஒரு காலத்தில் உள்ளூர் கால்பந்து ஆட்டங்களுக்கு ரெஃப்ரியாக நின்றவர். நிற்பதை விட்ட பிறகும் விசிலை விடவில்லை. தமிழ்நாட்டு பஸ்ஸில் ஏறினால் தன் வீட்டு வாசல் வந்ததும் ஊதுவார். கண்டக்டர் ஊதியதாக நினைத்து டிரைவர் நிறுத்திவிடுவார். கேரளா பஸ்ஸில் மணிக்கயிறு என்பதால் அந்த வசதி கிடையாது. அதனால் அந்த சர்க்காரையே அவர் மதித்ததில்லை. ஒரு கல்யாணத்தில் போதகரின் பிரசங்கம் பிரியாணி ஆறும் அளவுக்கு நீண்டபோது, பின்வரிசையிலிருந்து இரண்டு தடவை ஊதினார். போதகர் உடனே ஆசீர்வாதத்துக்கு வந்தார். மாப்பிள்ளை இன்றுவரை அவருக்கு நன்றி சொல்கிறான்.

இப்படிப்பட்ட மனிதர், இளமையில், கால்பந்துக்கென்று ஒரு பத்திரிகை நடத்தினார். பெயர் ‘கயிற்றுக்கு வெளியே’. எங்கள் மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருக்கும். ஆடுபவர்களும் கமிட்டிக்காரர்களும் உள்ளே, மற்ற ஜனம் வெளியே. வெளியே நிற்பவன் என்ன பார்த்தான் என்பதுதான் அந்தப் பத்திரிகையின் விஷயம். ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் உருட்டி, பனச்சமூடு ஜங்ஷனில் நின்று அவரே விற்பார். ஆச்சரியம் என்னவென்றால், அதில் ஒரு பொய் இருக்காது. ‘பெனால்டி கிடைப்பதற்காக என் மச்சினன் யாரும் தொடாமலே விழுந்தான்’ என்று ஒரு தடவை முதல் பக்கத்திலேயே போட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு மச்சினன் குடும்பம் வரவில்லை.

“ஓய், நிலத்துல இத்தனை பொய் சொல்லுதீரு, பந்துல மட்டும் என்ன அரிச்சந்திர வேஷம்?” என்று கேட்டேன்.

“சாரே, நிலத்த நான் ஒருத்தனாக்கும் காட்டுதேன். ஆட்டத்த ஊரே நின்னு பாக்குது. கண்டவன்ட்ட எப்படி பொய் சொல்ல?”

பிறகு டி.வி. வந்தது, செல்போன் வந்தது, பத்திரிகை நின்றது. எங்கள் ஊர் கால்பந்துக் குழுவான விடிவெள்ளி கிளப்புக்கு இன்று எல்லாம் உண்டு. யூடியூபில் நேரடி ஒளிபரப்பு, இன்ஸ்டாகிராமில் பின்னணி இசையோடு கேப்டனின் தலைமுடி, நாலு வாட்ஸப் குரூப். ஆட்டம் மட்டும் கொஞ்சம் குறைவு.

போன ஈஸ்டர் டூர்ணமெண்டின் ஃபைனலில் விடிவெள்ளி கடற்கரைக்காரர்களிடம் தோற்றது. ஆட்டம் முடியும் நேரத்தில் ஒரு பந்து வந்தது. பந்து என்று அதைச் சொல்வதே மரியாதை. நடந்து வந்தது என்று சொல்லலாம். நம் கோல்கீப்பர் சஜின் மண்டிபோட்டுக் கையை விரித்தான். பந்து அவன் கைக்கு முன்னால் துள்ளி, தோளைத் தாண்டி உள்ளே போனது.

சஜின் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவன். சின்ன வயதிலிருந்தே அந்தப் போஸ்ட்டுக்கு நடுவில் நிற்பவன். அன்று ராத்திரிக்குள் அந்தத் துண்டு வீடியோ எல்லா குரூப்பிலும் ஓடியது. ‘காசு வாங்கிட்டு விட்டவன்’ என்று தலைப்பு. அவன் ஜங்ஷனில் டீ குடிக்க நின்றால் எதிரே நிற்பவர்கள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டினார்கள். வேலைக்குப் போன வீட்டில், “அட்வான்ஸ் கடற்கரையில வாங்கியாச்சா?” என்று கேட்டார்கள். அவன் வெளியே வருவதை நிறுத்தினான். அவனைக் கிளப்பிலிருந்து நீக்குவதற்கு ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுவதாக அறிவிப்பு வந்தது.

விசில், கிளப்பின் வாட்ஸப் குரூப்பில் ஏதோ எழுத ஆரம்பித்தார். இரண்டாவது வரி வருவதற்குள் அட்மின் அதை அழித்து, அவரையும் வெளியே தள்ளிவிட்டான். அட்மினுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. ஆனால் அவனே அதைப் பயன்படுத்துவதில்லை.

மறுநாள் காலை விசில் என் வீட்டுக்கு வந்தார்.

“சாரே, பத்திரிகை அடிக்க என்ன புரொசீஜர்?”

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் புரொசீஜர் கேட்டதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டேன். “தொடர்ந்து வாற இதழா, ஒரு தடவை மட்டும் அடிக்க தாளா? இதழ்னா தலைப்புக்கு டெல்லி வரைக்கும் எழுதணும்.”

“ஞாயிற்றுக்கிழமைக்குள்ள பதில் வருமா?”

“உமக்க பேரன் கேப்டன் ஆகுததுக்குள்ள வரும்.”

“அப்ப ஒரு தடவ அடிக்க தாளு. அதுக்கு?”

“அச்சடிச்சவன் பேரும் வெளியிடுதவன் பேரும் அடியில இருந்தா போதும். ஆனா எதுக்கு ஓய் இந்தக் காலத்துல தாளு?”

“அடிச்ச தாள எந்த அட்மின் அழிப்பான்?” என்றார். நியாயமான கேள்வி. எந்தச் சட்டத்திலும் அதற்குப் பிரிவு இல்லை.

எழுதி வைத்திருந்ததை நீட்டினார். படித்தேன்.

‘அந்தப் பந்தை சஜின் விடவில்லை. மைதானத்தில் கன்வென்ஷன் பந்தல் போட்டிருந்தோம். பந்தலைப் பிரித்த பிறகு கால் நட்ட குழிகளை மண் போட்டு இடித்து மூட வேண்டும். கோல் போஸ்ட்டுக்கு முன்னால் ஒரு குழி மூடப்படவில்லை. பந்து அதன் விளிம்பில் தட்டித்தான் துள்ளியது. ஆட்டம் முடிந்து நான் போய்ப் பார்த்தேன்; என் கால் கணுக்கால்வரை உள்ளே போனது. மூட வேண்டியவன் பந்தல் கன்வீனராகிய நான். மூடவேண்டிய அன்று கள்ளிக்காட்டில் ஒரு பார்ட்டிக்கு மனை காட்டப் போயிருந்தேன். எல்லாக் குழியும் மூடியாயிற்று என்று பார்க்காமலே சபையில் சொன்னேன்.’

எங்கள் பக்கத்தில் கன்வென்ஷன் என்னும் சபையின் வருடாந்தரக் கூட்டம் விளையாட்டல்ல. பந்தல் கன்வீனர் பதவிக்காக ஒருவருக்கொருவர் பேசாமல் ஆன அண்ணன் தம்பிகள் உண்டு. மேலும், சபையில் நல்ல பெயர் உள்ள தரகரிடம்தான் சபைக்காரர்கள் நிலம் வாங்குவார்கள். எனவே அனுபவஸ்தன் என்ற முறையில் ஒரு திருத்தம் சொன்னேன்.

“‘குழி மூடப்படாமல் இருந்தது’ன்னு எழுதி நிறுத்தும். யாரு மூடல்லன்னு எதுக்குச் சொல்லணும்? சர்க்கார் எல்லாக் காரியத்தையும் அப்படித்தான் எழுதும்.”

“அப்ப சஜின் ஊருல தின்ன ஏச்சையும் ‘தின்னப்பட்டது’ன்னு எழுதிட்டுப் போவமா சாரே?”

நான் பேனாவை மூடிக்கொண்டேன்.

தமிழில் அச்சடிக்க எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் களியக்காவிளைக்குப் போக வேண்டியிருந்தது. ஆயிரத்துக்குக் குறைந்தால் மெஷினை ஓட்ட மாட்டேன் என்றார் அச்சகக்காரர். விடிவெள்ளி ஆட்டத்தைப் பார்க்க மழையில்லாத நாளில் இருநூறு பேர் வந்தால் பெரிய காரியம். ஆயிரம் அடித்தோம். அப்போதும் எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பிழை திருத்தினோமே, அப்போதும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கிளப் அறை முன்னால் பையன்கள் கூடியிருந்தார்கள். விசில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். அட்மின் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மாமா, இது எந்த பாஷை?”

“தமிழுலே.”

“நம்ம வீட்டுல பேசுதமே, அதா?”

“அதேதான்.”

“பேசும்போ இவ்வளவு கஷ்டமா தெரியல்லியே!”

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் நல்ல பிள்ளையாக, “மலையாளத்துல உண்டா மாமா? நாங்க ஸ்கூல்ல மலையாளமாக்கும்” என்றான்.

விசில் கையில் தாள் கட்டோடு நின்றார். அவருடைய பத்திரிகை நின்றபோது ஊரில் பாதிப்பேர் தமிழ் படித்தவர்கள். அவர்கள் இப்போது கண்ணாடி போட்டு மாத்திரைச் சீட்டு படிக்கிறார்கள். வீடியோவைப் பரப்பிய கூட்டத்தில் ஒருவனுக்கும் தமிழில் ஓர் எழுத்தும் தெரியாது. எல்லைக் கல்லுக்கு இந்தக் கேரளப் பக்கம் பிறந்து, இந்தப் பக்கமே வேலை பார்த்து, இந்தப் பக்கப் பள்ளிக்கூடங்களுக்கே பிள்ளைகளை அனுப்பிய இரண்டு கிழவர்களுக்கு அது ஞாபகம் வரவில்லை.

“வாசிச்சுக் காட்டுதேன்” என்று அவர் கமிட்டிக் கூட்டத்துக்குள் நுழைந்தார். கிளப் தலைவருக்கு வயது எழுபது; தமிழ் நன்றாகத் தெரியும்; கன்வென்ஷனுக்கும் அவர்தான் உதவித் தலைவர். தாளை முழுக்கப் படித்தார். நாலாக மடித்தார். ஆடிக்கொண்டிருந்த மேசையின் காலுக்கு அடியில் வைத்தார். மேசை ஆடுவது நின்றது.

“இது அஜெண்டாவுல இல்ல” என்றார்.

நான் எழுந்தேன். “அவையின் அனுமதியோட அஜெண்டாவுல இல்லாத விஷயத்தையும் எடுக்கலாம்.”

“நீங்க மெம்பரா சார்?”

நான் மெம்பர் இல்லை. புரொசீஜர்படி அவர் கேட்டது சரி. வாழ்நாள் முழுக்க மற்றவர்களை உட்காரவைத்த அந்தக் கேள்விக்கு நானும் உட்கார்ந்தேன்.

விசில் நின்றுகொண்டே வாசிக்கத் தொடங்கினார். பின்னால் யாரோ ஒருவன் செல்போனில் அந்த வீடியோவை முழுச் சத்தத்தில் போட்டான். பந்து மறுபடி துள்ளியது, கூட்டம் மறுபடி கூவியது. அவர் வாயசைவதுதான் தெரிந்தது. விசிலை எடுத்து ஊதினார். அதற்கும் சிரித்தார்கள். சஜினை நீக்கும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. இரண்டு நாள் கழித்து, சபையின் ஊழியத்தை அச்சில் இழிவுபடுத்தியதற்காக விசில் பந்தல் கமிட்டியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தத் தீர்மானத்தை எழுதியவர்கள் மட்டும் அவருடைய பத்திரிகையை வரி விடாமல் படித்திருந்தார்கள்.

நீக்கப்பட்ட அன்று சாயங்காலம் விசில் தன்னை சஜின் வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். அவன் அம்மா வாசலில் ரப்பர் ஷீட்டுகளைக் கயிற்றிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்க, வாங்க. இன்னும் யாரெல்லாம் வாறாங்க? அவனுக்க வேட்டிய உருவ ஆளு போதாதுன்னு வந்தியளா?”

“நான் ஒரு காரியம் சொல்லணும் பிள்ளே” என்றார் விசில்.

சஜின் உள்ளேயிருந்து வந்து தாளை வாங்கினான். அவனும் மலையாளம் படித்தவன்தான். விசில் திரும்ப வாங்கிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். ‘அந்தப் பந்தை சஜின்’ என்பதற்கு மேல் போகவில்லை. கூட்டத்தில் அத்தனை கூச்சலுக்கு நடுவில் வாசித்த மனிதர், மூன்று பேர் முன்னால் அதே வரிக்குத் திரும்பத் திரும்ப வந்தார். தாளை என்னிடம் தந்தார்.

எங்கள் ஆபீஸில் படிக்கத் தெரியாதவர் பத்திரம் எழுதிக்கொடுத்தால், அதை முழுக்க வாசித்துக் காட்டி, புரிந்ததா என்று கேட்ட பிறகே மேற்கொண்டு போவோம். அதே குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரு வார்த்தை விடாமல் வாசித்தேன். ‘மூட வேண்டியவன் பந்தல் கன்வீனராகிய நான்’ என்ற இடத்தில் அந்த அம்மாள் கையிலிருந்த ஷீட்டைக் கீழே வைத்தாள். முடித்துவிட்டு, “மனசிலாயா?” என்று கேட்டேன்.

சஜின் தலையை அசைத்தான். தாளை என் கையிலிருந்து வாங்கினான்.

“இதுல எனக்க பேரு எதாக்கும்?”

காட்டினேன். கட்டைவிரலை அதன் மேல் வைத்துப் பார்த்தான். “இவ்வளவு சின்னதா?” என்றான். பிறகு, “மாமா, பத்து தாளு தருவியளா? தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு டீம்ல கோல் நிக்க ஆளு வேணும்னு கேக்கினும். அங்க உள்ளவனுவளுக்கு வாசிக்கத் தெரியும் இல்லியா?”

விசில் கட்டு முழுவதையும் கொடுத்துவிட்டார். அவன் அம்மா எங்களுக்குக் காப்பி போடவில்லை. ஆனால் படிவரை வந்து விளக்குப் பிடித்தாள்.

ரோட்டுக்கு வந்ததும் விசில் நின்றார்.

“சாரே, உள்ளதச் சொல்லும். நாம அடிச்ச இந்தத் தாளு செல்லுமா?”

முத்திரை இல்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை, பதிவு எண் இல்லை. நான் வேலை பார்த்த மேசைக்கு அது வந்திருந்தால், படித்துப் பார்க்காமலே திருப்பி அனுப்பியிருப்பேன்.

“செல்லும் ஓய்” என்றேன்.