முற்றத்துக் கொடியும் தங்கையனின் பத்தியமும்

மம்பட்டியைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால், கருங்கல் ஊர்ச் சந்தை நடுவில் நிறுத்தி நாலு கேள்வி கேட்கவேண்டும் என்பது தங்கையனின் நெடுநாள் ஆசை. கூட்டுறவு வங்கியில் உட்கார்ந்தே உத்தியோகம் பார்த்த உடம்பு அது. குனிந்தால் நிமிராது. நிமிர்ந்துவிட்டால் மறுபடி குனிய மனசு வராது. ஆகவே ஓய்வுபெற்ற அன்றைக்கே சபதம் போட்டுவிட்டார்: "இனி எனக்க கை மம்பட்டி தொடாது."

அந்தச் சபதத்துக்குத் துணையாக வந்ததுதான் கொடி. ஏதோ ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் பாய் விரித்தாற்போலப் படர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. ஒரு துண்டைக் கிள்ளிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்து முற்றத்தில் குத்திவைத்தார். புல் முளைக்காது, செதுக்கவேண்டாம், வெள்ளம்கூட ஊற்றவேண்டாம்.

"பாத்தியா நேசம், மூளை உள்ளவனுக்கு மம்பட்டி எதுக்கு?"

நேசம்மாள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தி ஓய்வுபெற்றவள். கொடியைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். "இது எங்க போய் நிக்கும்னு பாக்கத்தானே போறேன்" என்றாள்.

நின்றால்தானே! முதல் மழைக்கு முற்றம் போச்சு. இரண்டாம் மழைக்கு இஞ்சிப்பாத்தியும் மஞ்சள்பாத்தியும் போச்சு. துணி துவைக்கிற கல்லைக் காணோம். கறிவேப்பிலைக் கன்று இருந்த இடத்தில் மஞ்சள்பூ ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது.

"இஞ்ச பாருங்க," என்றாள் நேசம்மாள், "சனிக்கிழமைக்குள்ள முற்றம் தெளியணும். இல்லேன்னா கருங்கலுக்குப் போக்கு கிடையாது."

தங்கையனைப் பொறுத்தவரை சனிக்கிழமை கருங்கல் சந்தை என்பது பேருக்குத்தான் காய்கறி. உண்மையில் அது ஸ்டீபன் சாயாக்கடையின் பழம்பொரி. ஏத்தன் வாழைப்பழத்தை நீளவாக்கில் கீறி, மாவில் முக்கி, எண்ணெயில் போட்டு எடுக்கிற அந்த ஒன்றுக்காகத்தான் அவர் வாரம் முழுக்க உயிர் வாழ்ந்தார். சுகர் இருக்கிற மனுஷன் வேறு. அதை அவர் மறந்தாலும் நேசம்மாள் மறக்கமாட்டாள். ஆகவே வீட்டில் இனிப்பென்றால் பைபிளில் வருகிற தேன் மட்டும்தான்.

குனியாமல் வேலை நடக்கவேண்டும். யோசித்தார். பக்கத்து வீட்டு ஜெப்சனின் ஆட்டை இரவல் வாங்கிவந்து முற்றத்தில் கட்டினார்.

ஆடு கொடியை மோந்து பார்த்தது. தும்மியது. அப்புறம் கயிற்றை அறுத்துக்கொண்டு போய் செம்பருத்தி, மிளகாய்க்கன்று, வாழைக்குருத்து எல்லாவற்றையும் வரிசையாக விசாரித்துவிட்டுக் கொடிமேலேயே சாய்ந்து படுத்து அசைபோட்டது.

"எனக்க மிளகாய்க்கன்னு!" என்று ஓடிவந்தாள் நேசம்மாள். "இந்தக் கொடி கடல் கடந்து வந்த செடி. நம்ம ஊரு ஆட்டுக்கோ புழுவுக்கோ அதத் தின்னு பழக்கம் உண்டா? தட்டிக்கேக்க ஆளில்லாத எடத்துல குடியேறினா யாருதான் படராது?"

"நீ கொடியச் சொல்லுதியா, என்னையச் சொல்லுதியா?"

"எங்கப்பா வீட்டுல வந்து குடியேறின ஆள நான் ஒண்ணும் சொல்லல்லியே!"

வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் ஆட்டைப் பிடித்துக் கட்டப் போனார்.

மறுநாள் காலை ஜெப்சன் ஆட்டைத் தேடி வந்தபோது தங்கையன் அவன் காதுக்குப் பக்கத்தில் குனிந்தார். இதற்கு மட்டும் இடுப்பு வளைந்தது.

"மக்கா, யார்ட்டயும் சொல்லாத. இந்தக் கொடி சுகருக்கு மருந்து. வேரோட பிடுங்கிக் கசாயம் வச்சா சும்மா சர்ருன்னு இறங்கும். வேரு ஒரு துளி அறுந்தாலும் பலிக்காது கேட்டியா?"

"உள்ளதா அண்ணாச்சி?"

"நான் என்னைக்குலே பொய் சொல்லியிருக்கேன்?"

யாரிடமும் சொல்லாதே என்று சொன்னால் நம்மூரில் அது மைக் வைத்துச் சொன்னதற்குச் சமம். ஞாயிறு ஆராதனை முடிவதற்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. மதியத்தில் இருந்து ஆள் வர ஆரம்பித்தது. சாக்கு, கூடை, பிளாஸ்டிக் வாளி. தங்கையன் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "வேரோட, வேரோட! அங்க ஒரு துண்டு கிடக்கு பாரு!" என்று மேற்பார்வை பார்த்தார். ஆளாளுக்கு நன்றி வேறு சொல்லிவிட்டுப் போனார்கள். வெள்ளிக்கிழமை முற்றம் மொட்டைத்தலை மாதிரிச் சுத்தமாக இருந்தது. அன்று ராத்திரியே, வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழையும் தொடங்கியது.

நேசம்மாள் அடுக்களையில் பழைய கசாயச்சட்டியைத் தேய்த்துக் கழுவினாள். அதை நினைத்து அவர் பயந்திருக்கவேண்டும். புண்ணியவான் பயப்படவில்லை.

சனிக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி, பவுடர் போட்டுக்கொண்டு கிளம்பினார். எதிரே நேசம்மாள், கையில் டம்ளர்.

"என்னதுட்டி இது?"

"உங்க கொடிக் கசாயம். ஊருக்கெல்லாம் மருந்து, உங்களுக்கு மட்டும் வேண்டாமா? உங்களுக்குத்தானே சுகரு?"

அது பொய் என்று சொன்னால் முற்றத்துப் பெருமை போகும். குடித்தால் உயிர் போகும்போல இருந்தது, அத்தனை கசப்பு வாடை. பெருமைதான் பெரிசென்று கண்ணை மூடிக் குடித்தார்.

"மருந்துன்னா பத்தியம் உண்டுல்லா?" என்றாள் அவள். "மீன் கூடாது. இனிப்பு கூடாது. ஏத்தன்பழம் கூடவே கூடாது."

"வெளியில யாரு பாக்கப்போறா" என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு கருங்கல் போனார். ஸ்டீபன் சாயாக்கடையில் பழம்பொரித் தட்டுக்கு நேராகக் கை நீண்டது. ஸ்டீபன் தட்டை உள்ளே இழுத்தான்.

"அண்ணாச்சி, நீங்க கொடிமருந்து குடிக்கிற ஆளுல்லா? பத்தியத்துல இருக்கவருக்குத் தந்தா பாவம் எனக்குத்தான். எனக்க அம்மைக்கும் ஒரு கட்டு வாங்கித் தாரும்."

அவர் விட்ட புளுகும் நேசம்மாள் போட்ட பத்தியமும் அவருக்கு முந்தின பஸ்ஸிலேயே கருங்கல் வந்து இறங்கியிருந்தன.

வீட்டில் வாரக்கணக்காகக் காலையும் மாலையும் கசாயம். சோற்றுக்கு ரசம், பயறு, பப்படம். எதிரே உட்கார்ந்து நேசம்மாள் மட்டும் மீன் தின்றாள். நெத்தோலி ஒருநாள், அயிலை ஒருநாள். தங்கையன் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார்.

ஆனால் சாளைமீனுக்கு முன்னால் யாரால் நிற்கமுடியும்? அன்று தேங்காய் அரைத்து, புளி கரைத்து, மண்சட்டியில் சாளைக்கறி கொதித்தது. மணம் வாசல் தாண்டி வந்து அவர் மூக்கைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனது.

"நேசம், ஒரே ஒரு துண்டு!"

"மருந்து முறிஞ்சிரும்."

"முறியட்டும்! அது மருந்தே இல்லட்டி! மம்பட்டி பிடிக்கச் சோம்பிட்டு நான் விட்ட புளுகு!"

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க. வெளிய கேக்கணும்லா?"

"வெளிய கேட்டுது டீச்சர்" என்றது ஜெப்சனின் குரல்.

தங்கையன் எட்டிப் பார்த்தார். முற்றம் நிறைய ஆள். முற்றத்தில் கொடியும்தான், அறுந்து கிடந்த ஒவ்வொரு கணுவிலும் புதிசாக வேர்விட்டு மஞ்சளாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

மருந்துச்செடி என்றால் நம்மூர்க்காரன் சும்மா கொண்டுபோய்க் கொதிக்கவைக்க மாட்டான். பிறகு தேவைப்படுமே என்று ஒரு கணுவைத் தன் முற்றத்தில் நட்டுவைப்பான். எல்லாரும் நட்டிருந்தார்கள். மழையும் பெய்திருந்தது.

"எனக்க மரச்சீனிக்கிழங்குத் தோட்டத்தக் கொடி மூடிட்டுது அண்ணாச்சி" என்றான் ஜெப்சன்.

"ஏட்டி, அப்ப இவங்க யாரும் குடிக்கல்லியா?" என்று நேசம்மாள் பக்கம் திரும்பினார் தங்கையன்.

"குடிக்க விடுவேனா? நிழல்ல நல்லாக் காயட்டும், நான் சொன்ன பிறகு குடிச்சாப் போதும்னு அன்னைக்கே வீடுவீடாச் சொல்லியாச்சு."

"நான் குடிச்சது?"

"நிலவேம்பு."

தங்கையன் மறுபடி முற்றத்தைப் பார்த்தார். அப்போதுதான் கண்ணில் பட்டது. வந்தவர்கள் கொண்டுவந்த மம்பட்டிகள் மதிலோரம் வரிசையாகச் சாய்ந்து நின்றன.

நேசம்மாள் சாளைச்சட்டியை மூடிவைத்துவிட்டு வந்தாள்.

"முதல்ல ஜெப்சன் வீடு. கை வாகுக்கு எது சரின்னு பாத்து எடுத்துக்கிடுங்க, கறி ஆறாம நான் பாத்துக்கிடுதேன்."