பேந்துப் பேய்க்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெய்

1992ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை, சவர்க்காரமும் இல்லை. பேய்க்கு மட்டும் தட்டுப்பாடு வரவில்லை. அரசாங்கம் தடைசெய்த பொருட்களின் பட்டியலில் அதைச் சேர்க்க மறந்துவிட்டார்கள்.

அந்த வருடம் புதிதாக வந்திறங்கியது பேந்துப் பேய். கண்டுபிடித்தவர் கொக்குவில் மார்க்கண்டு சுவாமிகள். இரண்டு மாதத்துக்கு முன்புவரை அவர் வெறும் மார்க்கண்டு. ரியூட்டரி ஒன்று நடத்தி, பிள்ளைகள் வராமல் மூடியவர். படிப்பித்தால் வராத பிள்ளைகள் பேயோட்டினால் வருவார்கள் என்று விளங்கிய அன்றே தாடி வளர்க்கத் தொடங்கிவிட்டார்.

அவருடைய தத்துவம் எளிமையானது. "படியடா" என்றால் பிள்ளை என்ன சொல்கிறது? "பேந்து படிக்கிறன்" என்கிறது. பிறகு என்பதற்கு எங்கள் ஊரில் பேந்து என்போம். அதில் ஒன்றுமில்லை என்று நீங்களும் நானும் இவ்வளவு காலமும் சும்மா இருந்துவிட்டோம்.

"பேந்து எண்டு சொல்லுறது பிள்ளை இல்லை. பிள்ளைக்குள்ளை இருக்கிற பேய். சொல்லின்ரை முதல் எழுத்தைப் பாருங்கோ, பே!" என்றார் சுவாமிகள்.

சனம் முதல் எழுத்தைப் பார்த்தது. பே இருந்தது. இதற்கு மேலும் ஆதாரம் கேட்பது மரியாதையா? எழுதுகிற பேனைக்கும் அதே எழுத்துத்தான் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்றால் பண்டத்தரிப்பிலிருந்தும் உடுவிலிலிருந்தும் சைக்கிள்கள் வரிசையாக வந்தன. மிதிக்க ஒரு தகப்பன், பின்னால் ஒரு தாய், முன்பாரில் பேந்து சொல்லிப் பிடிபட்ட ஒரு பிள்ளை. சுவாமிகள் பணத்தைத் தொடமாட்டார். காணிக்கை ஒரு போத்தல் மண்ணெண்ணெய், அந்த நாட்களில் காசைவிட அரிதானது. படிக்கிற விளக்கின் எண்ணெயில்தான் பேய் ஒளித்திருக்கிறதாம். அதைக் கொண்டுவந்து ஒப்படைத்தால் பேய் வீட்டைவிட்டுப் போய்விடும். உண்மையிலேயே போனது. விளக்கும் கூடப் போனது. பிள்ளைகள் ஏழு மணிக்கே நிம்மதியாகத் தூங்கினார்கள்.

குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொக்குவிலில் அரைவீட்டில் இருந்த கத்தரீனாவுக்கும் செய்தி எட்டியது. அவள் மகன் சிமியோன் இரண்டாம் தரம் ஏலெவல் பரீட்சை எடுக்கக் காத்திருந்தான். காத்திருந்தான் என்பதுதான் சரியான சொல். மூன்று நிறத்தில் படிப்பு நேரசூசி கீறினான். கோடு சரிவரவில்லை என்று கிழித்து மறுபடி கீறினான். திங்கட்கிழமை தொடங்குவோம் என்றான். திங்கள் காலை எழும்பப் பிந்திவிட்டதால் அடுத்த திங்களுக்குத் தள்ளிவைத்தான்.

மகள் றோஸுக்கு மூன்று கிழமையில் ஓலெவல். வீட்டில் இருந்தது ஒரே ஒரு போத்தல் மண்ணெண்ணெய். தகப்பன் நல்ல விளைமீனைக் கொடுத்து மாற்றியது. விளக்குத் திரியைச் சிறிதாக வைத்தால் சோதினை முடியும்வரை தாக்குப்பிடிக்கும் என்று றோஸ் கணக்குப் பார்த்து வைத்திருந்தாள். அந்தப் போத்தலைத்தான் கத்தரீனா சேலைத் தலைப்பில் சுற்றினாள்.

"அம்மா, அது என்ரை சோதினைக்கு வைச்ச எண்ணெய்."

"முதலிலை உன்ரை அண்ணையிலை இருக்கிற பேய் போகட்டும். நீ பகலிலை படி."

"பகலிலை பள்ளிக்கூடம், தண்ணி அள்ளுறது, சங்கக்கடைக் கியூ. எப்ப படிக்கிறது?"

"அதைப் பேந்து பாப்பம்" என்றாள் கத்தரீனா. பேய் தாயையும் விட்டுவைக்கவில்லை போலும்.

"பங்குச் சுவாமியார் அறிஞ்சால் கோயிலிலை வைச்சு ஏசுவார்."

"அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்திச் சமாளிக்கிறன். வாய் காட்டாமல் வாடி."

றோஸ் போத்தலைத் தானே வாங்கித் தூக்கிக்கொண்டு நடந்தாள். கொடுக்கும்வரையாவது கையில் இருக்கட்டுமே என்றுதான்.

சுவாமிகளின் வீட்டு விறாந்தையில் பட்டுத்துணி சுற்றிய பெரிய குடம் ஒன்று இருந்தது. பின்னால் ஒரு திரை. சுவாமிகள் சிமியோனைக் குடத்துக்கு முன் இருத்தி, கண்ணை மூடி, காலால் நிலத்தை உதைத்தார்.

"ஓம் ஹ்ரீம் மிதி மிதி!"

சுவாமிகள் ஓம் என்றால் சனமும் ஓம் என்றது. எங்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம்.

குடம் உறுமியது. "பேந்து... பேந்து படிப்பன்! நான் போகமாட்டன்!"

பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்தார்கள்.

"ஓம் ஹ்ரீம் காணும் காணும்!" என்றார் சுவாமிகள். குடம் வாயை மூடியது.

பென்சன் எடுத்த கிளாக்கர் இளையதம்பி கூட்டத்துக்கு விளக்கம் சொன்னார். "மிதி எண்டால் பேயைக் காலாலை மிதிக்கிறார். காணும் எண்டால் உன்ரை ஆட்டம் போதும், அடங்கு எண்டு கருத்து. எல்லாம் வேதத்திலை இருக்கு."

றோஸ் வேறொன்றைக் கவனித்தாள். பேயின் குரல் மாடு கத்துவதுபோலத் தொடங்கி, வரவர எலிக்குரலாக ஏறி, இடையில் தள்ளாடியது. இந்தத் தள்ளாட்டம் அவளுக்குப் பழக்கமானது. பற்றரி இல்லாத அந்த நாட்களில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து, டைனமோவில்தான் கசற் கேட்போம். வேகமாக மிதித்தால் பாடகர் எலியாவார், கால் சோர்ந்தால் மாடாவார். அங்கே கூடியிருந்த அத்தனை பேர் வீட்டிலும் அப்படி ஒரு சைக்கிள் இருந்தது. ஆளுக்கு இரண்டு காதும் இருந்தன.

சுவாமிகள் போத்தலுக்குக் கை நீட்டினார். றோஸ் விடவில்லை.

"சுவாமி, பேய் உங்கடை மந்திரத்துக்கு மட்டும்தானே கதைக்கும்?"

"வேறை ஆரின்ரைக்குக் கதைக்கும்? இருபது வருசம் இமயமலையிலை இருந்து எடுத்த மந்திரம்."

அவருடைய ரியூட்டரி இமயமலையில் இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போய்விட்டது.

"நான் சொன்னால்?"

"வாய் கோணிப்போகும், பிள்ளை."

"கோணட்டும். சோதினை எழுதுறது வாயாலை இல்லை." றோஸ் குடத்தைப் பார்த்தாள். ஓமும் இல்லை, ஹ்ரீமும் இல்லை. "மிதி!" என்றாள்.

"பேந்து படிப்பன்!" என்றது குடம்.

"காணும்!"

குடம் அடங்கியது.

"மிதி!" உறுமல். "காணும்!" அமைதி. நான்கு தரம். றோஸின் வாய் இருந்த இடத்திலேயே இருந்தது. இளையதம்பியர் வேதத்தில் இந்தப் பக்கத்தை மனதுக்குள் தேடிக்கொண்டிருந்தார்.

சுவாமிகள் லேசுப்பட்டவர் அல்ல. "ஐயோ, பிள்ளையிலை அம்மன் இறங்கியிட்டா!" என்று விழுந்து கும்பிட்டார். கூட்டமும் கும்பிட்டது. கழுத்தில் சிலுவை தொங்கும் பிள்ளையில் அம்மன் எப்படி இறங்கினாள் என்று கேட்க ஒரு நாதியில்லை. கத்தரீனாவே பாதி கும்பிட்டு, பாதி சிலுவை போட்டாள்.

றோஸ் ஒரு கணம் யோசித்தாள். அம்மன் என்றால் அம்மனாகவே இருப்போம்.

"அம்மன் சொல்லுறன். மிதி! நான் நிப்பாட்டச் சொல்லுமட்டும் மிதி!"

சொல்லிவிட்டுப் பேசாமல் நின்றாள். குடம் கத்தியது. கத்திக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் எலி மனிதனானது, மனிதன் மாடானது. "பே...ஏ...ந்...தூ..."

"ஓம் ஹ்ரீம் காணும்..." என்று சுவாமிகள் எழும்ப, பக்கத்தில் நின்ற பெண் அவர் வாயைப் பொத்தினாள். "அம்மன் கதைக்கேக்கை குறுக்கை கதையாதையுங்கோ!"

"மிதி!" என்றாள் றோஸ். "இன்னும் மிதி!"

திரைக்குப் பின்னாலிருந்து பேய் அழுதது. "ஏலாது அத்தான்! கால் உளையுது! பேந்து மிதிக்கிறன், முதலிலை ஒரு பிளேன்ரீ தாங்கோ!"

றோஸ் திரையை இழுத்தாள். சுவாமிகளின் மனைவியின் தம்பி, நாற்பது வயதுத் தம்பிராசா, பனியனோடு சைக்கிளில் வியர்த்து வழிந்தார். டைனமோவிலிருந்து கசற் ரெக்கோடருக்கு ஒரு வயர், அங்கிருந்து குடத்துக்குள் இருந்த ஸ்பீக்கருக்கு இன்னொன்று. சுவரோரம் பிள்ளைகளின் பெயர் எழுதிய மண்ணெண்ணெய்ப் போத்தல்கள் அடுக்கியிருந்தன.

"பேய் குடத்தை விட்டிட்டுத் தம்பிராசாவிலை ஏறியிட்டுது!" என்று கத்தினார் சுவாமிகள். இரண்டு பேர் ஓம் என்று தலையாட்டவும் செய்தார்கள்.

"என்னிலை ஒருதரும் ஏறேல்லை. நான்தான் சைக்கிளிலை ஏறினனான்" என்றார் தம்பிராசா. அந்த வீட்டில் இரண்டு மாதமாகச் சொல்லப்பட்ட ஒரே உண்மை அதுதான்.

கூட்டம் போத்தல்களின்மேல் பாய்ந்தது. சுவாமிகள் மதில்மேல் பாய்ந்தார்.

வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் சிமியோன் கேட்டான்.

"பேய் இல்லையெண்டால் நான் ஏனடி படிக்காமல் இருக்கிறன்?"

றோஸுக்குப் பாவமாக இருந்தது. "உனக்குக் கணக்கு விளங்கேல்லை. அதைச் சொல்ல வெக்கம். அதாலை கோடு கீறிக்கொண்டு இருக்கிறாய். இப்ப ஒரு கணக்குச் செய், அண்ணை. ஒண்டே ஒண்டு. பிழைச்சால் பிழைக்கட்டும்."

பிழைத்தது. பிழை எங்கே என்று பார்க்க இரண்டாவது தரம் செய்தான். அதுவும் பிழைத்தது. மூன்றாவது சரிவந்தபோது கத்தரீனா சாப்பிடக் கூப்பிட்டாள், அவன் எழும்பவில்லை. றோஸ் எதிரே தன் புத்தகத்தோடு இருந்தாள், போத்தல் அவள் காலடியில் இருந்தது.

அடுத்த நாள் பண்டத்தரிப்பிலிருந்து ஒரு பெண் அவர்களைத் தேடி வந்தாள்.

"பிள்ளைதானே சுவாமியையே ஓட்டினது? என்ரை பொடியனும் புத்தகம் தொடுறானில்லை. ஒரு வழி சொல்லு, மோனை."

"புத்தகத்தைத் திறந்து ஒரு கணக்கு மட்டும் செய்யச் சொல்லுங்கோ, அம்மா. நாளைக்கும் அதே நேரத்துக்கு இன்னொண்டு."

"ஓம் மோனை. எந்தத் திசையைப் பாத்துத் திறக்கவேணும்?" என்று கேட்டபடி அவள் பையிலிருந்து ஒரு போத்தல் மண்ணெண்ணெயை எடுத்து நீட்டினாள்.

றோஸ் அதை அவள் கையிலேயே திருப்பி வைத்தாள். "விளக்கு இருக்கிற திசையைப் பாத்து."

அந்த அம்மா அதை மந்திரம் என்று எண்ணி, பண்டத்தரிப்புவரை நூற்றெட்டுத் தரம் சொல்லிக்கொண்டே போனதாகக் கேள்வி. சனங்களே, யோசியுங்கள். யோசிக்கத் தொடங்க நல்ல நேரம் பார்த்துத் தருகிறேன் என்று எவனாவது வந்தால், அவனிலிருந்தே தொடங்குங்கள்.