டன்கெல்டு அண்ணனின் காலை நடை

அன்று மாலை பாண்டி பஜார் ஜவுளிக்கடையில் நான் இருந்தேன். என் அறைத்தோழர் சலீம் பாய் இருந்தார். ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஓர் அம்மா இருந்தார். துணி அளக்கும் மேஜைக்குப் பின்னால் நின்ற டன்கெல்டு அண்ணன் மட்டும் இல்லை. உடம்பு நின்றது, ஆள் வழக்கம்போல ஸ்காட்லாந்துக்குப் போயிருந்தார். தி.நகரில் சம்பளம் வாங்கிக்கொண்டு ஸ்காட்லாந்தில் குடியிருந்த மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

பிறந்தது சிந்தாதிரிப்பேட்டை. அதிகபட்சம் போன தூரம் நங்கநல்லூர் ஆஞ்சநேயர். ஏழு வருஷத்துக்கு முன் இதே அம்மா பட்டு வாங்க வந்தபோது, அண்ணன் கையிலிருந்த இரும்பு அளவுகோலைப் பார்த்துவிட்டுத் தன் ஊர்ப் படம் ஒன்றைக் காட்டினாராம். டன்கெல்டு என்ற அந்தப் பழைய சிற்றூரில், அந்தக் காலத்து நெசவாளர்கள் துணி அளந்த இரும்புக் கோலை ஒரு கட்டடத்தின் சுவரில் இன்னும் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்மேல் அண்ணனுக்கு அங்கேயே பைத்தியம் பிடித்துவிட்டது.

"அளவுகோலை சாமி மாதிரி சுவத்துல வெச்சுகீறான்டா! அது ஊரு!"

அன்றிலிருந்து தினமும் காலையில் டன்கெல்டில் வாக்கிங். செல்போன் மேப்பில் தெருத் தெருவாகப் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்களே, அதில்தான். நாங்கள் மூவரும் தங்கியிருந்த மேன்ஷன் அறைக் கட்டிலில் உட்கார்ந்து கட்டைவிரலால் நடப்பார். ரயிலடி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பிர்னம் என்ற ஊரில். அங்கே கிளம்பி, டே நதிப் பாலத்தைத் தாண்டி, இடது பக்கம் திரும்பி, வெள்ளையடித்த குட்டி வீடுகளைக் கடந்து, பாதி இடிந்து நிற்கும் தேவாலயம் வரை. நடுவில் கூப்பிட்டால் பொல்லாத கோபம் வரும்.

"இருடா, பாலத்துல போய்க்கினுகீறேன். வண்டி வருது."

அங்கே மழை என்றால் இங்கே மொட்டைமாடியில் துணி காயப்போட விடமாட்டார். ஒரு மே மாதம், மின்விசிறியும் ஓடாத மத்தியானத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்டதற்கு, "ஒன்பது டிகிரி" என்றார். வேர்வை தாடையில் சொட்டியது.

பாலத்து முனையில், பழுப்பு நாயோடு பச்சைக் கோட்டுப் பெரியவர் ஒருவர் நின்றார். படம் எடுத்தபோது நின்றவர், அப்படியே நின்றார். அண்ணன் தினமும் அவருக்கு "குட்மார்னிங் சார்" சொல்வார். என்னையும் சொல்ல வைத்தார். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த சலீம் பாய் மட்டும் மசியவில்லை.

"படத்துல கீற ஆளுக்கு இன்னாத்துக்குய்யா சலாம்? நீயும் உன் ஊரும். எல்லாம் உட்டாலக்கடி!"

அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அந்த ஊருக்காரங்க யாராச்சும் வந்து, நான் சொன்னதுல ஒண்ணு தப்புன்னு சொல்லட்டும் பாய். அன்னிக்கே மேப்ப அழிச்சுட்றேன். அப்பால டன்கெல்டுன்னு வாயத் தொறந்தா ஏன்னு கேளு."

அந்த அம்மா மறுபடி வந்து நின்றது அப்படிப்பட்ட நேரத்தில்தான். அண்ணன் போன் போட்டு எங்களை வரவழைத்தார். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் என்பதால் மேன்ஷனில் ஆங்கிலம் என் பொறுப்பு. சலீம் பாய் நீதிபதி மாதிரி ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ஊர் நடுவே நீரூற்றா? ஆமாம். காட்டுக்குள் அருவியா? ஆமாம். அந்த அம்மாவின் கண்கள் விரிந்துகொண்டே போயின. அண்ணன் உற்சாகத்தில் என்னை இடித்தார்.

"கேளு நைனா, பாலத்தாண்ட நிப்பாரே பச்சைக் கோட்டுக்காரரு, நல்லா கீறாரா? நாய்க்கு வயசாயிருக்குமே?"

கேட்டேன். அந்த அம்மா யோசித்துவிட்டு இல்லையென்று தலையசைத்தார். அப்படி யாரும் அங்கே நிற்பதில்லையாம்.

சலீம் பாய் மேஜையைத் தட்டினார். "மாட்னியா! எடு போன. அழி!"

அண்ணன் முகம் சலவைக்குப் போட்ட துணி மாதிரி ஆகிவிட்டது. போனை எடுத்தார். அழிப்பதற்கு முன் கடைசி முறையாகப் பாலத்துக்கு நடந்து போய், போனை அந்த அம்மா பக்கம் திருப்பினார்.

படத்தில் முகத்தை மங்கலாக்கியிருந்தார்கள். அந்த அம்மா கோட்டைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"மை டாட்."

அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

தினமும் காலையில் நாயைக் கூட்டிக்கொண்டு ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று பார்க்க வருவாராம். அப்பா இறந்து நாலு வருஷம். இப்படி ஒரு படம் இருப்பதே மகளுக்குத் தெரியாது.

சலீம் பாய் ஸ்டூலை விட்டு எழுந்தார். போன் பக்கம் குனிந்து, மெதுவாக, "சலாம் சார்" என்றார். அழிக்கிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

பக்கத்து ஸ்டுடியோவில் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டோம். அந்த அம்மா கைப்பையைத் திறந்தார். அண்ணன் பதறிவிட்டார். "மூடச் சொல்லுடா! சொந்த ஊர்க்காரங்ககிட்ட காசு வாங்குவாங்களா?"

மகளுக்கு ஒன்று, எங்கள் அறைச் சுவருக்கு ஒன்று. சட்டம் போட்டு மொத்தம் எழுநூற்று இருபது ரூபாய்; குட்மார்னிங் சொல்லும் மூன்று பேருக்கும் ஆளுக்கு இருநூற்று நாற்பது.