மவுஸைப் பிடிக்காத கருப்பு ஸ்கிரீன் அண்ணன்

கம்ப்யூட்டர் மவுஸைச் சொந்தப் பங்காளியைப் போலப் பகைத்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் விழுப்புரத்திலிருந்து பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்து பஸ் ஸ்டாண்டு ஓரத்து எங்கள் ஜெராக்ஸ் கடை கம்ப்யூட்டர்களைப் பழுது பார்ப்பார். பேர் என்னவோ நல்ல பேர்தான். ஆனால் அவர் கை பட்ட கம்ப்யூட்டரெல்லாம் கருப்புத் திரையாகிவிடுவதால் பஸ் ஸ்டாண்டு முழுக்க அவர் ‘கருப்பு ஸ்கிரீன்’.

எங்கள் ஓனரம்மா எங்கிருந்தோ மலிவாக வாங்கி வந்தவை அந்தக் கம்ப்யூட்டர்கள். ஆன் செய்துவிட்டு எதிரில் போய் டீ குடித்துவிட்டு வந்தாலும் சுத்திக்கொண்டே இருக்கும். அண்ணன் வந்தார். உள்ளே இருந்த சாஃப்ட்வேரைத் துடைத்துவிட்டு, காசு கொடுக்கத் தேவையில்லாத லினக்ஸைப் போட்டார். அதோடு விட்டிருந்தால் அவர் எல்லோரையும் போல ஒரு மெக்கானிக். ஆன் செய்ததும் படம், பொம்மை எதுவும் வராமல் வெறும் எழுத்து மட்டும் வருகிற மாதிரி மாற்றிவிட்டார்.

“படம் இல்லாம எப்டிண்ணே?” என்றேன்.

“கொம்புக்கு பெயின்ட் அடிச்சாதான் மாடு ஏர் ஓட்டுமா? படத்த வரையறதுக்கே அதுக்கு மூச்சு வாங்குது. எழுத்தா வரட்டும், ஜல்தியா வரும்.”

வந்தது. அதில் பொய் சொல்லக்கூடாது. ஆனால் கருப்பாக வந்தது. மவுஸ்களையெல்லாம் பிடுங்கி, வாலோடு சேர்த்துக் கட்டி, வேரில் கடலையோடு பிடுங்கிய மல்லாட்டைச் செடிக் கொத்து மாதிரி ஆணியில் தொங்கவிட்டார். வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்ப்பார்கள். அப்புறம் என்னைப் பார்ப்பார்கள். எனக்குத் தலையைக் கொண்டுபோய் ஜெராக்ஸ் மெஷினுக்குள் வைத்துக்கொள்ளலாமா என்றிருக்கும்.

ஒருமுறை விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பெண், மாப்பிள்ளை போட்டோக்களைப் பெரிய திரையில் ஓட்டும் லேப்டாப் இவர் சரிசெய்து கொடுத்தது. மேடையில் பெண், மாப்பிள்ளை. எதிரே முந்நூறு நாற்காலி. லேப்டாப்பை ஆன் செய்தார்கள். பெரிய திரை முழுக்கக் கருப்பு, மூலையில் ஒரு சின்னக் கட்டம் மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“இன்னாய்யா இது? நல்ல காரியத்துல கருப்பா காட்டற?” என்று பெண்ணின் தாய்மாமன் எழுந்துவிட்டார்.

“கருப்பு இல்லீங்க, ரெடியா நிக்குது. நாமதான் இன்னா வேணும்னு சொல்லணும்” என்றார் அண்ணன், சிரித்த முகமாக.

நான் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டேன். அண்ணன் நின்றபடியே ஒரு வரி தட்டினார், போட்டோ வந்தது. ஆனால் அதற்குள் முதல் பந்திக்குக் கூப்பிட்டுவிட்டதால் பார்க்க ஆளில்லை. பெண்ணின் காதுகுத்துப் படத்தை நானும் சமையல்காரரும் மட்டும் பார்த்தோம்.

நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டிப் படிப்பேன், அவ்வளவுதான். தொட்டதற்கெல்லாம் பயம் வேறு. கடையைப் பூட்டிவிட்டுப் பாதி வழி போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற ஜாதி. அந்தக் கருப்புத் திரையில் இங்கிலீஷில் கட்டளை தட்டு என்றால் நான் பேப்பர் அடுக்கப் போய்விடுவேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவும் வெட்கம். அண்ணனிடம் நான் சொன்னதேயில்லை. ஆனால் அவர் பார்த்திருக்கிறார்.

“தம்பி, இந்தக் கருப்புல நாம தட்டறத வாங்கிக்குதே ஷெல்லு, அது ஒண்ணுமில்ல. தாலுக்கா ஆபீஸ் வாசல்ல நிக்கற பியூன் மாதிரி. நீ சொல்றத உள்ள போய் சொல்லுவான். எந்த பியூன நிறுத்தணும்ன்றது நம்ம இஷ்டம். உனக்கு வேற ஆள் போடறேன் பாரு.”

மறுநாள் என் பேரில் உள்ளே போனதும் கட்டளை எதுவும் கேட்காமல் ஒரு பட்டியல் வந்தது. ஒன்று அடித்தால் பென்டிரைவில் இருப்பது பிரிண்ட் ஆகும், இரண்டு அடித்தால் ஸ்கேன். அந்தக் கருப்புத் திரைக்குத் தமிழ் எழுத்து வராது. அதனால் போனில் மெசேஜ் அனுப்புகிற மாதிரி இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார். எல்லாம் சரி. பட்டியலுக்கு மேலே முதல் வரி: ‘பயப்படாத தம்பி.’

பிரம்மதேசம் கிராமத்திலிருந்து பத்திரம் ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒரு பெரியவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து அதைச் சத்தமாகப் படித்தார். “இன்னாது, கடைக்காரனுக்கே கம்ப்யூட்டர் தைரியம் சொல்லுது?” வரிசை மொத்தமும் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது. அன்று சாயங்காலமே அண்ணனிடம், “அசிங்கமா கீதுண்ணே, எடுத்துடுங்க. எல்லார்க்கும் இருக்கறதே எனக்கும் இருக்கட்டும்” என்றேன்.

அவர் ஒரு வரி தட்டினார், பழைய பியூன் வந்து நின்றான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, காலையில் மற்ற கடைகள் திறக்காத நேரம். பென்டிரைவோடு ஒரு பெண் ஓடி வந்தாள். விழுப்புரத்தில் போலீஸ் வேலைக்குப் பரீட்சை, ஹால் டிக்கெட் மழையில் நனைந்து கூழாகிவிட்டது.

“அண்ணா, பஸ் எடுக்கப்போறாங்க. இதுவும் போச்சுன்னா எனக்கு வயசு தாண்டிடும்ணா.”

கருப்புத் திரை. மினுக்கும் கட்டம். அண்ணன் சொல்லிக்கொடுத்த வரி ஒன்றும் நினைவில்லை. எதையோ தட்டினேன், அப்படி ஒன்று இல்லை என்றது. மறுபடி தட்டினேன், மறுபடி இல்லை என்றது. அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கத்தை விழுங்கிக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார். ஹாரன் சத்தத்தோடு அவர் கத்தியது கடைக்கு வெளியே வரை கேட்டது.

“இன்னா பேஜாரு? அழுவாத! வேணும்னு அடி!”

“இன்னாண்ணே வேணும்?”

“யோவ், ‘வேணும்’னே அடிய்யா! வி, ஈ, என், யு, எம்! அடிச்சிட்டு என்டர் தட்டு! நீ எடுக்கச் சொன்ன, அந்த பியூன நான் வாசல்லேருந்துதான் எடுத்தேன். கொல்லையில ஒக்கார வச்சிருக்கேன்!”

தட்டினேன். பட்டியல் வந்தது. ஒன்றை அழுத்தினேன், பிரிண்டர் உறுமியது. அவள் திரையை எட்டிப் பார்த்து முதல் வரியை எழுத்துக் கூட்டிப் படித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“அண்ணா, இந்த வரிய எனக்கும் ஒரு பிரிண்ட் எடுத்துக் குடுக்கறீங்களா?”

அதற்குப் பட்டியலில் நம்பர் இல்லை. ஒரு தாளில் பேனாவால் எழுதிக் கொடுத்தேன். ‘தம்பி’யை விட்டுவிட்டேன். மடித்து ஹால் டிக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு ஓடினாள். பஸ் கிடைத்துவிட்டது.

அண்ணன் வந்து சேர்ந்ததும், “அதையே திரும்ப வாசல்ல நிறுத்திடுங்கண்ணே” என்றேன்.

“அசிங்கமா கீதுன்னியே?”

“அசிங்கமாத்தான் கீது. இருந்துட்டுப் போவட்டும்.”

இப்போது கடையில் எல்லாம் புதுசு. படத்தோடு வருகின்றன, எல்லாவற்றுக்கும் மவுஸ் இருக்கிறது. அண்ணனுக்கு இங்கே வேலையில்லை, வருவதுமில்லை. அந்தப் பழைய பெட்டி ஒன்றை மட்டும் ஓனரம்மாவிடம் கெஞ்சி மூலையில் வைத்திருக்கிறேன். தினமும் ஷட்டரைப் பாதி தூக்கிக் குனிந்து உள்ளே போனதும் முதலில் அதைத்தான் ஆன் செய்வேன். அந்த முதல் வரி வந்த பிறகுதான் ஷட்டரை முழுசாகத் தூக்குவேன்.