சாரலில் காயாத பக்கங்கள்

பெண்டாட்டியை அதட்டி அடக்குகிறவன் மடையன். ஆதரித்து அடக்குகிறவன்தான் புத்திசாலி. இந்தப் பேருண்மையை முத்துச்செல்வம் கண்டுபிடித்தது ஒரு வைகாசி மாதச் சாயங்காலம், இலஞ்சியில் தன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, பிளாஸ்க்கில் இருந்த காப்பியை மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு குடித்தபோது.

அவனுக்கு வந்த கஷ்டம் சின்னதுதான். ஆனால் சூடாகக் குடித்துப் பழகினவனுக்கு அது சின்னதாகத் தெரியாது. புளியங்குடி எலுமிச்சை மண்டியில் பகல் முழுக்கக் கத்தி ஏலம் விட்டு, தொண்டை வறண்டு வருகிறவன் அவன். வந்து செருப்பைக் கழற்றும்போதே சங்கரேஸ்வரி டம்ளரோடு நிற்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அதுதான் முறை. இப்போது கொஞ்ச நாளாக அவனை வரவேற்பது பிளாஸ்க்.

பெண்டாட்டியும் மகள் மஞ்சுவும் அடுத்த தெரு மாஜிதா வீட்டில் இருந்தார்கள். மாஜிதா அங்கே ஆர்ட் ஜர்னல், ஸ்கிராப் புக் என்று என்னவோ சொல்லிக் கொடுக்கிறாள். போட்டோ, பழைய பஸ் டிக்கெட், காய்ந்த இலை, கல்யாணப் பத்திரிகையின் ஜரிகை ஓரம், எது கையில் அகப்பட்டாலும் அதை ஒரு தாளில் ஒட்டி, சுற்றிலும் வர்ணம் தீட்டி, பக்கத்தில் மனசில் பட்டதை நாலு வரி எழுதுவது. முத்துச்செல்வம் ஒருநாள் எடுத்துப் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவனுக்குச் சிக்கலாகப் போயிற்று. அசிங்கமான பழக்கத்தை நிறுத்திவிடலாம். அழகான பழக்கத்தை என்ன சொல்லி நிறுத்துவது?

அன்றைக்கு அவர்கள் திரும்பி வந்ததும் முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டான்.

"ஏட்டி சங்கரி, இதுக்கு எதுக்கு அடுத்தவக வீட்டுக்குப் போறே? நம்ம வீட்டுலயே செய்வோம். நீ, நான், மஞ்சு. குடும்பமா உக்காந்து ஒட்டுவோம்."

சங்கரேஸ்வரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீங்க ஒட்டுவீகளா?"

"ஏன், எனக்குக் கை இல்லியா?"

"இருக்கும். வீட்டுக்குள்ள அது வேல செஞ்சி பாத்ததில்ல."

மஞ்சு புத்தகத்தால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். முத்துச்செல்வம் கோபப்படவில்லை. புத்திசாலி கோபப்பட மாட்டான். அவன் கணக்கு வேறு. அவன் கை வைத்த எந்தக் காரியம் அந்த வீட்டில் நிலைத்திருக்கிறது? கோழி வளர்க்கிறேன் என்றான், கோழி போயிற்று. மாடித் தோட்டம் போடுகிறேன் என்றான், மாடி ஒழுகியதுதான் மிச்சம். அதே கையை இதிலும் வைத்தால் ஆனி பிறப்பதற்குள் இரண்டு பெண்களும் கும்பிடு போட்டுவிட்டு அடுக்களைக்குத் திரும்பிவிடுவார்கள். சூடான காப்பியும் திரும்பிவிடும்.

"சரிங்க" என்றாள் சங்கரேஸ்வரி.

அங்கேயே அவன் சுதாரித்திருக்க வேண்டும். மறுபேச்சில்லாமல் அவள் சரி சொன்ன நாளெல்லாம் அவனுக்கு நல்ல நாளாக முடிந்ததில்லை.

"ஆனா குடும்பம்னா நாம மூணு பேரு மட்டுமா? வருஷா வருஷம் சீசனுக்கு உங்க அண்ணன், அக்கா, சித்தப்பா எல்லாரும் நம்ம வீட்டுக்குத்தான வாறாக? அதையே பெரிய புத்தகமாப் பண்ணிருவோம். ஆளுக்கு ஒரு பக்கம்."

முத்துச்செல்வம் உருகிப்போனான். ஏனென்றால் உலகத்தில் அவனுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். ஆனி, ஆடியில் மலையில் சாரல் விழும். குற்றாலத்தில் தண்ணீர் கொட்டும், அவன் வீட்டில் சொந்தக்காரர்கள் கொட்டுவார்கள். "இலஞ்சியில என் வீடு குத்துக்கல்லா இருக்கையில லாட்ஜுல தங்குவியளோ?" என்று சித்திரையிலேயே போன் போட்டுச் சண்டை பிடிப்பான். அவர்களை ஐந்தருவிக்குக் கூட்டிப்போவான். எந்தப் பக்கம் நின்றால் தலையில் இதமாக விழும், எந்தப் பக்கம் நின்றால் கழுத்து பிசகும் என்று தானே மலையிலிருந்து அருவியை இறக்கிவிட்டவன் மாதிரி விளக்குவான். திரும்பி வந்தால் பந்தி. சொதி, அவியல், இஞ்சித் துவையல். "முத்து வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா!" என்று ஏப்பம் விடுவார்கள். பெயர் முத்து வீட்டுச் சாப்பாடு. சங்கரேஸ்வரியின் பெயர் எந்த ஏப்பத்திலும் வந்ததில்லை.

"நோட்டெல்லாம் பத்தாது" என்றான். "எங்க அண்ணன் நோட்டுல கொள்ள மாட்டான். முழு சார்ட்டா வாங்குவோம்."

மறுநாளே தென்காசி போய்ச் சார்ட் தாளும், வர்ணமும், பூப்போட்ட டேப்பும், ஜிகினாத் தூளும் வாங்கிவந்தான். கடைக்காரர் பள்ளிக்கூட விழாவா என்று கேட்டார். "குடும்ப விழா" என்றான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

தினமும் சாயங்காலம் ஒட்டல் நடந்தது. அவன் திட்டப்படி அவன் தலையிட்டான், அதட்டினான், ஆணையிட்டான். அண்ணன் மணிமுத்து மதுரையில் இன்ஸ்பெக்டர். ஆகவே அவருக்குப் பெரிய பக்கம். யூனிபார்ம் போட்டோவைச் சுற்றி நீல வர்ணத்தில் அருவி, தொப்பிக்கு ஜிகினா. "மீசைக்கும் போடு" என்றான். மீசையும் மினுங்கியது. சின்ன அக்காவுக்கு ஒரு பக்கம், சித்தப்பாவுக்கு ஒன்று. "முழுசாக் காயுத வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. என் உத்தரவு இல்லாம ஒரு பக்கம் அசையக்கூடாது." பெண்கள் சோர்வார்கள் என்று பார்த்தான். அவர்கள் சோரவில்லை. அவனுக்குத்தான் ருசி பிடித்துவிட்டது. மண்டியில் நிற்கும்போதுகூட அக்கா பக்கத்துக்கு ரோஸ் போடுவதா, ஊதா போடுவதா என்று யோசனை ஓடியது.

ஒருநாள் போட்டோக்களைக் கலைத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தவன் கேட்டான்.

"ஏட்டி, இத்தன போட்டோ இருக்கு. ஒண்ணுலயும் உன்னக் காணலையே?"

"போட்டோ எடுக்கையில நான் தேங்கா துருவிக்கிட்டு இருந்திருப்பேன்."

"அதுக்காக அருவிக்கு வராமலா இருந்தே?"

"கல்யாணமான வருஷம் கூட்டிப் போனீக. பங்குனி மாசம். பாறையைப் பாத்துட்டு வந்தோம். பெறகு சீசனுக்கு சீசன் எனக்கு இங்கன அடுப்படிதான அருவி."

அவள் சிரிக்காமல் சொன்னாள். முத்துச்செல்வம் சிரித்தான். "இது நல்லாருக்கு! மஞ்சு, இதையே ஓரத்துல எழுது" என்றான். மஞ்சு அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்து போனாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நகைச்சுவை புரிவதில்லை என்று அவனுக்கு வருத்தம்.

ஆனி பிறந்தது. சாரலும் வந்தது. சாரல் காலத்தில் இலஞ்சியில் என்ன காயும்? துவைத்த துணி காயாது. அப்பளம் நமுத்துப்போகும். சுவரே வேர்க்கும். இதில் பசையும் தண்ணீர் வர்ணமும் காய வேண்டும் என்றால் எங்கே காயும்? ஈரத் தாளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்க முடியாது. கொடியில் தொங்கவிட்டால் வர்ணம் ஓடும். தரையிலும் கட்டிலிலும் மல்லாத்தித்தான் போட வேண்டும். முன்னறைக் கட்டிலில் சித்தப்பா படுத்தார். பின்னறையில் அக்கா. விருந்தாளிகள் படுக்கிற பெரிய அறை முழுக்க அண்ணனும் அவர் அருவியும். எல்லா அறையிலும் மின்விசிறி ஓடியது. வீட்டு ஆட்கள் மூன்று பேரும் அடுக்களையில் பாய் விரித்துப் படுத்தார்கள்.

அப்போதுதான் அண்ணன் போன் போட்டார்.

"ஏலே முத்து, சனிக்கிழம காலையில வாறோம்லே. ரெண்டு நாளு இருப்போம்."

"வாங்கண்ணே! இது கேக்கணுமா?" என்று சொல்லிவிட்டுத் திரும்பினால் கால் வைக்க இடமில்லை.

"இதையெல்லாம் எடுத்துருட்டி" என்றான்.

"எடுத்துருவோம். அத்தான்கிட்ட இருந்து ஆரம்பிக்கவா?" சங்கரேஸ்வரி குனிந்து அண்ணன் பக்கத்தின் ஓரத்தைத் தூக்கினாள். தேங்கி நின்ற நீலம் மெல்ல நகர்ந்து இன்ஸ்பெக்டரின் மீசையை நோக்கிப் போயிற்று.

"விடுட்டி! விடு, விடு!"

"நீங்கதான எடுக்கச் சொன்னீக?"

"வேற எங்கயாவது போடேன்."

"மொட்டமாடியில போடவா? சாரலுக்கு நல்லாக் குளிப்பாக."

முத்துச்செல்வம் அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தான். உயிருள்ள அண்ணனை வரவேற்க வேண்டும் என்றால் ஒட்டின அண்ணனைக் கெடுக்க வேண்டும். அண்ணன் வந்து, தன் முகம் நீலமாக வழிந்து கிடப்பதைப் பார்த்தால்? கடைசியில், வாழ்க்கையில் முதல் தடவையாக, சீசன் நேரத்தில் ஒரு சொந்தக்காரரை வர வேண்டாம் என்று சொல்லப் போனை எடுத்தான்.

"அண்ணே, தப்பா நெனைக்கக்கூடாது. வீட்டுல ஒரு வேல நடக்கு..."

"என்ன வேலலே? வெள்ளையடிக்கியா?"

"வெள்ள இல்லண்ணே, கலரு. உங்க படம்தான். காய மாட்டேங்கு."

"அப்ப நாங்க குத்தாலத்துலயே ரூம்ல தங்கிக்கிடுதோம்லே" என்றார் அண்ணன். குரலில் வருத்தம் இருக்கிறதா என்று முத்துச்செல்வம் காதைத் தீட்டிக் கேட்டான். வருத்தம் இல்லை. பின்னாலிருந்து பிள்ளைகள் கைதட்டும் சத்தம்தான் கேட்டது.

"நீ சங்கடப்படாத முத்து. உன் வீட்டுல ஒத்தக் கக்கூசு. காலையில வரிச நிக்கது பிள்ளைகளுக்குப் பிடிக்கல. வரலன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவேன்னுதான் இத்தன வருஷமும் வந்தோம்."

போன் ஓய்ந்த பிறகும் அவன் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றான். நெஞ்சு கசந்தது. ஊருக்கே உபசாரம் செய்ததாக நினைத்துக்கொண்டிருந்தவன், ஊர்தான் தனக்கு உபசாரம் செய்திருக்கிறது என்று தெரிந்துகொண்டால் கசக்காமல் என்ன செய்யும்? அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. சங்கரேஸ்வரி என்ன ஏது என்று கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சனிக்கிழமை காலையில் எழுந்து பார்த்தால் சங்கரேஸ்வரியும் மஞ்சுவும் தலை நிறைய எண்ணெய் வைத்து, துண்டும் மாற்றுத்துணியும் எடுத்துத் தயாராக இருக்கிறார்கள்; வாசலில் ஆட்டோவும் வந்து நிற்கிறது.

"எங்கட்டி கிளம்புதிய?"

"அருவிக்கு. அக்கா எங்களையும் ரூமுக்கு வரச் சொல்லியிருக்காக."

அக்கா என்றது மணிமுத்து அண்ணன் பெண்டாட்டி காளீஸ்வரியை. அப்போதுதான் முத்துச்செல்வத்தின் மண்டையில் ஒரு விளக்கு எரிந்தது. சாரல் சனிக்கிழமையில் குற்றாலத்தில் மந்திரி சிபாரிசுக்கே ரூம் கிடைக்காதே!

"அண்ணனுக்கு எப்பிடிட்டி ரூம் கிடைச்சுது?"

"சித்திரையிலயே போட்டாச்சி. நானும் அக்காவும் பேசி."

"அப்ப அண்ணன் எதுக்கு வாறேன்னான்?"

"'வேண்டாம்'ங்கது உங்க வாயில இருந்து வரணும்லா? நாங்க சொன்னா நீங்க அக்கினியா குதிப்பீக. என்ன சாக்கு சொல்லதுன்னு தெரியாமத்தான் கெடந்தோம். நீங்களே வந்து, குடும்பமா ஒட்டுவோம்னீக." ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள். "நல்ல மனசு உங்களுக்கு."

"நில்லுட்டி, நானும் வாறேன்."

"நீங்க வந்துட்டா பக்கத்த யாரு பாப்பா? கரண்ட் போனா விசிறணும்லா?"

அவள் வாய் முகூர்த்தம், ஆட்டோ தெரு திரும்பியதும் கரண்ட் போயிற்று. முத்துச்செல்வம் பனையோலை விசிறியை எடுத்துக்கொண்டு அண்ணன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து விசிறினான். கை வலித்தது. மாற்றிக்கொண்டு விசிறினான். வெளியே சாரல் கொண்டாட்டமாகப் பெய்தது. பெண்டாட்டி பேரில் கோபம், அண்ணன் பேரில் கோபம், ஆதரித்து அடக்கலாம் என்று கண்டுபிடித்த தன் மூளை பேரில் எல்லாவற்றையும்விடக் கோபம்.

உச்சிப்பொழுது ஆகுமுன் மஞ்சு ஒரு போட்டோ அனுப்பினாள். பின்னால் அருவி. அண்ணன், மதினி, பிள்ளைகள். நடுவில் நனைந்த தலையோடு சங்கரேஸ்வரி, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு. முத்துச்செல்வம் போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். அந்தச் சிரிப்பை அவன் பார்த்ததே இல்லை. இவ்வளவு வருஷம் அதை எங்கே வைத்திருந்தாள் என்று நினைக்கும்போதே அவள் குரலில் ஒரு செய்தி வந்து விழுந்தது.

"ஏங்க, மதியம் எல்லாரும் நம்ம வீட்டுக்குத்தான் சாப்பிட வாறாக. விருந்து வைக்காட்டா உங்களுக்கு மனசு ஆறாதே, அதான் உங்க பேரச் சொல்லி நானே கூப்பிட்டுட்டேன். பக்கமெல்லாம் முந்தாநாளே காஞ்சிட்டு. எடுத்து அடுக்கிட்டுப் பாய விரிச்சிருங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம். சோறு, சொதி, அவியல் போதும். எல்லாரும் நல்ல பசியில இருக்காக."

முத்துச்செல்வம் விசிறியைக் கீழே வைத்தான். அண்ணன் மீசையை விரலால் தொட்டுப் பார்த்தான். முறுக்கு மாதிரிக் காய்ந்திருந்தது. பெண்டாட்டிக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது; மறுபடியும் அருவிக்குள் போய்விட்டார்கள் போலிருக்கிறது. மகளுக்குப் போட்டான். அதுவும் அப்படியே.

அடுக்களைக்குப் போனான். வரிசையாக டப்பாக்கள் நின்றன. முதல் டப்பாவைத் திறந்தான், துவரம்பருப்பு. அடுத்ததைத் திறந்தான், சீனி. அதற்கடுத்தது மிளகாய் வற்றல்; தும்மல் வந்தது. அரிசி எதில் இருக்கிறது என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.